வாத்தியார் வீட்டை நினைவு இல்லமாக்குவது: எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி — ஊர் நூலகக் குழு

எங்கள் ஊரில் இரவுப் பள்ளி நடத்திய ஒரு வாத்தியாரின் வீட்டை நூலகக் குழுவிடம் கொடுக்க அவருடைய வாரிசுகள் முன்வந்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய முற்றம் வைத்த வீடு. சீமை ஓட்டுக் கூரை, சுண்ணாம்புக் காரைச் சுவர். பட்டாலையில் (கூடத்தில்) ஆத்தங்குடிக் கல், மற்ற அறைகளில் சிவப்புக் காவித் தரை. ஒரு மர பீரோ நிறையக் கடிதங்கள், நாற்பதுக்குக் குறையாத போட்டோக்கள், மூன்று கட்டு ஓலைச்சுவடி, சாய்வு நாற்காலி, இரவுப் பள்ளியின் கரும்பலகை ஆகியவை மிஞ்சியிருக்கின்றன. மழைக்காலத்தில் சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஈரம் ஏறி காரை உதிர்கிறது. அடுப்படிச் சுவரில் கரிக்கோடாகப் பால் கணக்கு அப்படியே இருக்கிறது.

குழுவில் இப்போது பேசப்படுபவை: சுவரின் அடிப்பாகத்துக்கு சிமெண்ட் பூச்சு, வீடு முழுக்க எமல்ஷன் பெயிண்ட், கடிதங்களுக்கு லேமினேஷன், போட்டோ அறைக்கு ஏசி, காணாமல் போன சாமான்களுக்குப் பதில் பழைய சாமான் கடையில் வாங்கி நிரப்புவது, வாசலில் வாத்தியாருக்கு மார்பளவுச் சிலை. கையில் பணம் குறைவு. இவற்றில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எதை முதலில் எடுக்க வேண்டும்?

பதில் 1 — காரையும் ஓடும்

முதலில் சிமெண்டை நிறுத்துங்க. மற்றதெல்லாம் பிறகு பேசிக்கலாம்.

சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதே ஈரத்தை மேற்பரப்பு வழியா காற்றில் விட்டுடும். சிமெண்ட் பூசினால் வெளியேறும் வழி அடைபடும். ஈரம் நிற்காது, பூச்சு முடியும் இடம் வரைக்கும் ஏறி அதுக்கு மேலே வெளியே வரும். இன்னைக்கு மூன்றடியில் இருப்பது இன்னும் மேலே போகும். ஈரத்தோட வரும் உப்பு சிமெண்டுக்குப் பின்னால் படிகமாகி பழைய செங்கல்லின் முகத்தையே தள்ளி உடைக்கும். பிறகு சிமெண்டைக் கொத்தி எடுத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும். எமல்ஷனும் இதே வேலையைத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவா.

ஈரம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. பழைய வீடுகளில் பெரும்பாலும் காரணம் தெருதான். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் மட்டம் ஏறி, வீட்டின் அடிமட்டம் மண்ணுக்குள்ளே போயிருக்கும். வெளிமண் உள்தரையை விட அரை அடியாவது கீழே இருக்கணும். சுவரோரமா மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் வீட்டை விட்டு வெளியே ஓடுகிற மாதிரி சரிவு கொடுங்க. குளியலறைக் கழிவுநீர்க் குழாயில் கசிவு இருக்கா, முற்றத்து மழைநீர் போகும் தூம்பு அடைச்சிருக்கா, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்து தெறிக்குதா? இவ்வளவையும் சரிசெய்ய ஆளும் மண்வெட்டியும் போதும். அதுக்குப் பிறகு ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடணும். மேலே வெள்ளையா பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி முறத்தில் பிடிச்சு வெளியே கொட்டணும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளே போயிடும்.

பூச்சு வேலை அதுக்கப்புறம்தான். நீற்றிய சுண்ணாம்பைச் சலிச்சு, தண்ணீர் மூடியபடி குறைந்தது ஒரு மாதம் ஊறவிடுங்க. நீறாத கட்டி உள்ளே இருந்தால் பூசின பிறகு அது நீறி, பூச்சு புள்ளி புள்ளியா வெடிக்கும். சுண்ணாம்பு ஒன்று, உப்பில்லாத ஆற்றுமணல் இரண்டரை முதல் மூன்று. கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் சேர்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைச்சால் நல்லது, கிடைக்கலைன்னா வேலையை நிறுத்த வேண்டாம். ஒரு பூச்சு பத்து மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, போனால் வெடிக்கும். சாக்குப்படுதாவை நனைச்சுத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது ஈரம் காக்கணும். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி பூசி, ஒரு மாதம் பார்த்துட்டு மேற்கொண்டு போங்க.

வரிசையில் சுவருக்கும் முன்னால் வருவது கூரை. ஆவணி முடியறதுக்குள்ள ஏறிப் பார்த்துடணும், ஐப்பசி அடைமழையில் ஓடு பிரிக்க முடியாது. உடைந்த ஓடு கண்ணுக்குத் தெரியும். கூரையும் கூரையும் சேரும் கூடல்வாய்தான் ஏமாற்றும். அங்கே சருகு அடைச்சு தண்ணீர் தேங்கி, கீழே இருக்கும் மரத்தை வருடக்கணக்கில் ஊறவைக்கும். சட்டங்களின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்க. உள்ளே மெத்தென்று போனால் அந்த முனை உளுத்துப்போச்சு. முழுச் சட்டத்தையும் தூக்கி எறிய வேண்டாம். கெட்ட பாகத்தை அறுத்துட்டு, அதே மரத்தில் துண்டு கோத்து ஒட்டவைக்கும் தச்சர்கள் இன்னும் இருக்காங்க.

கரையான் மண்கோடு போட்டிருந்தால் உடனே துடைச்சுடாதீங்க. எங்கிருந்து ஏறுதுன்னு காட்டுற வரைபடம் அது. உளு உயிரோட இருக்கான்னு பார்க்க, மரத்தடியில் விழுந்த பொடியைப் பெருக்கிட்டு கறுப்புக் காகிதம் விரிச்சு ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க. வெளிர்நிறப் பொடி புதுசா விழுந்திருந்தால் பூச்சி வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் மட்டும் படவே கூடாது. கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணக் கலவை ஊற்றி, சுடாமல் தண்ணீரில் ஊறவைச்சு இறுக்குற கல் அது. மேலே இருக்கும் வண்ண அடுக்கு சிமெண்டுதான், அதை ஆசிட் அரிச்சுடும். ஈரத்துணியால் துடைச்சுட்டு, எப்போவாவது துளித் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் தேய்ச்சால் போதும். காவித்தரைக்கும் இதேதான்.

பழைய வயரிங்கை முழுக்க எடுத்துட்டு, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியோட (மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) புதுசா போடுங்க. மரமும் காகிதமும் நிறைஞ்ச வீட்டுக்குத் தீதான் பெரிய பகை. இந்த ஒரு செலவைத் தள்ளிப்போடாதீங்க.

பதில் 2 — தாளடுக்கு

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் பசை உருகித் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். பிறகு எந்த ஆய்வுக்கூடத்திலும் அதைச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. சில வருடங்களில் பிளாஸ்டிக் மஞ்சளாகும், ஓரம் பிரிந்து அதன் வழியே பூஞ்சை உள்ளே போகும். செல்லோ டேப்புக்கும் இதே தடைதான்.

பீரோவைத் திறப்பதற்கு முன் அதைப் போட்டோ எடுங்கள். திறந்ததும் தட்டுத் தட்டாகப் படம் எடுங்கள். எந்தக் கடிதம் எதனுடன் கட்டப்பட்டிருந்தது என்பதும் ஒரு செய்தி. தேதி வாரியாக அடுக்குகிறேன் என்று ஆரம்பித்தால், வாத்தியார் தம் கையால் வைத்த ஒழுங்கு ஒரே நாளில் அழிந்துபோகும். கட்டுக்கு ஒரு எண், உள்ளே தாளுக்கு ஒரு எண், எல்லாம் 2பி பென்சிலால், தாளின் பின்பக்க மூலையில். பேனா கூடாது.

துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாளும் கிழிந்துகொண்டு வரும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவில் கண்ணாடி போன்ற மெல்லிய பாலியெஸ்டர் தாளின் ஒரு துண்டை நுழைத்து, ஊசியை அதன் மேல் நகர்த்தி எடுங்கள். உறைகள் பாலியெஸ்டராக இருக்கட்டும். கடையில் விற்கும் பிவிசி உறையிலிருந்து அமிலம் கசியும், திறந்ததும் அடிக்கும் நெடியிலேயே அதை அடையாளம் காணலாம். அமிலமில்லாத அட்டைப்பெட்டி கட்டுப்படியாகவில்லை என்றால், கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து ஒரு அடியாவது உயர்ந்த தட்டில், சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

அந்துருண்டையும் வேண்டாம். அந்தப் புகை வேலை செய்கிறவர்களின் உடம்புக்குக் கேடு. பூச்சி விழுந்த புத்தகத்துக்கு ஆழ்குளிர்ப் பெட்டி உதவும். பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்து 24 மணி நேரம் பையைப் பிரிக்காமல் வைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் தாளின் மேலேயே வியர்க்கும். கண்ணாடி நெகட்டிவுக்கும் வண்ணம் தீட்டிய ஓவியத்துக்கும் இந்த முறை ஆகாது.

போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்துவிடுங்கள். ஸ்கேன் செய்யக் கூடியவற்றில் கடிதத்துக்கு 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), போட்டோவுக்கு 600, கோப்பு டிஃப் (TIFF) வடிவில். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, யாரோ பென்சிலில் கிறுக்கிய பெயர், சில சமயம் தேதி என்று படத்தை அடையாளம் காட்டுவதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். மூன்று பிரதி எடுத்து, அதில் ஒன்றை வேறு ஊரில் வையுங்கள்.

ஏசி பற்றி. பகலில் ஓட்டி இரவில் அணைக்கும் ஏசி, ஏசியே இல்லாத அறையை விட மோசம். தினமும் ஈரப்பதம் ஏறி இறங்கினால் தாளும் மரமும் உப்பிச் சுருங்கும், போட்டோவின் மேல்படலம் வெடிக்கும். 24 மணி நேரமும் ஓட்ட மின்கட்டணம் கட்ட முடியாது என்றால் வாங்காதீர்கள். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் பூஞ்சை பெரும்பாலும் வராது. விலை குறைந்த ஈரப்பதமானி ஒன்றை மாட்டி, காலை மாலை இரண்டு வேளையும் நோட்டில் குறியுங்கள். முற்றம் வைத்த வீட்டில் எந்தக் கதவை எப்போது திறக்க வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லும்.

வெளிச்சமும் கணக்குத்தான். கடிதம், போட்டோ, துணி ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) போதும். அந்த 50 லக்ஸிலேயே நாளைக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ்-மணி சேர்ந்துவிடும். மங்கிய மை திரும்ப வராது. ஆகவே அசலை மூன்று மாதத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் வைக்காதீர்கள். மற்ற நாட்களில் நல்ல நகல் இருக்கட்டும், நகல் என்று எழுதியிருக்கட்டும்.

ஓலைச்சுவடியை நீங்களே எண்ணெய் தடவிப் பிரிக்க முயல வேண்டாம். நொறுங்கும் ஓலை அப்படியே கட்டிலேயே இருக்கட்டும். தஞ்சை சரசுவதி மகால், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்களில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. பீரோவில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், மளிகைச் சீட்டு எல்லாம் கிடைக்கும். “இது எதுக்கு” என்று கொளுத்திவிடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்த தொகுப்பைத்தான் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. புத்தகங்களோடு இப்படிப்பட்ட துண்டுத் தாள்களையும் அவர் சேர்த்து வைத்திருந்தார்.

ஊர் நூலகக் குழு

சிமெண்ட், லேமினேஷன், ஏசி மூன்றையும் விட்டுவிட்டோம். ஆனால் அறைகள் காலியாக இருந்தால் யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்கிறார்கள். பால் கணக்குச் சுவருக்கு வெள்ளை அடிக்கத்தான் வேண்டும் என்றும் இரண்டு பேர் சொல்கிறார்கள்.

பதில் 3 — திண்ணை

வெள்ளை அடித்தால் அந்த வீட்டிலேயே மிக அரிய பொருளை நீங்களே அழித்துவிடுவீர்கள். வாத்தியாரின் கடிதங்கள் வாத்தியாரைப் பற்றிப் பேசும். அந்தக் கரிக்கோடுகள் அடுப்படியில் நின்று கணக்கு வைத்தவரைப் பற்றிப் பேசுகின்றன. அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லாமல் போயிருக்கலாம்.

ஆம்ஸ்டர்டாமில், நாஜிகளிடமிருந்து தப்ப யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பம் ஒளிந்திருந்த வீட்டில், பிள்ளைகள் வளர வளர உயரம் குறித்த பென்சில் கோடுகள் சுவர்த்தாளில் இருக்கின்றன. அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதே வீடு உங்கள் காலி அறைக் கேள்விக்கும் பதில். 1944இல் அவர்கள் பிடிபட்ட பிறகு அறைகளில் இருந்த சாமான்கள் அகற்றப்பட்டன. 1960இல் அருங்காட்சியகமாகத் திறந்தபோது, நாஜி முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய தகப்பன் ஓட்டோ ஃபிராங்க் அறைகள் காலியாகவே இருக்கட்டும் என்றார். சாமான்கள் எப்படி இருந்தன என்பதைச் சிறு மாதிரி செய்து தனியாகக் காட்டினார்கள். எடுத்துச் செல்லப்பட்டதையும் அங்கே ஒரு செய்தியாகவே வைத்திருக்கிறார்கள்.

அதனால் பழைய சாமான் கடைப் பக்கம் போகாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நல்ல மரச்சாமான் கிடைக்கும்தான். ஆனால் அது வேறு ஒரு வீட்டிலிருந்து வந்தது. வாத்தியார் உட்கார்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில் அவர் உட்காராத நாற்காலியைப் போட்டால், பத்து வருடத்தில் ஊரார் இரண்டையும் அவருடையது என்றுதான் சொல்வார்கள். ஊர் நினைவில் ஒரு தடவை ஏறியதை இறக்குவது கடினம். தவிர்க்க முடியாமல் வைத்தால் “இந்த வீட்டுப் பொருள் அல்ல, அக்காலத்துக்குரியது” என்று பொருளின் மேலேயே எழுதுங்கள்.

அடுத்து, எந்த வருடத்து வீட்டைக் காட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பாரதிக்கு எட்டயபுரத்தில் பிறந்த வீடு, 1908 முதல் 1918 வரை வாழ்ந்த புதுச்சேரியில் ஒரு வீடு, 1921இல் முடிந்த கடைசிக் காலத்துக்குத் திருவல்லிக்கேணி வீடு என்று மூன்று ஊரில் நினைவு இல்லம் இருக்கிறது. ஒவ்வொன்றும் அவர் வாழ்வின் ஒரு துண்டைத்தான் சொல்ல முடியும், அது போதும். உங்கள் வீட்டுக்கு இரவுப் பள்ளி நடந்த வருடங்கள். வாத்தியார் பிறந்தது, படித்தது எல்லாம் ஒரு பலகையில் பத்து வரியில் முடியட்டும். வீடு முழுக்க இரவுப் பள்ளியே பேசட்டும்.

அப்படிப் பேச வேண்டுமானால் சில கேள்விகளைத் தவிர்க்க முடியாது. பிள்ளைகள் எங்கே உட்கார்ந்தார்கள்: திண்ணையிலா, முற்றத்திலா, பட்டாலையிலா? எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாசல் வழியாக வந்தார்களா, சிலர் கொல்லைப்புறமாக வந்தார்களா? பெண் பிள்ளைகள் வந்தார்களா? லாந்தருக்கு எண்ணெய் யார் ஊற்றினார்கள்? இதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். கூரை வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இதையும் தொடங்கலாம். கையில் ஒரு பழைய போட்டோவைக் கொடுத்துக் கேளுங்கள், வெறுமனே “அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்க” என்றால் பொதுப்பேச்சுத்தான் வரும். வீட்டுக்குள் விட்டதே இல்லை என்று ஒருவரும், எல்லோரும் உள்ளேதான் படித்தோம் என்று இன்னொருவரும் சொன்னால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். வாத்தியாரின் மரியாதைக்கு அதனால் குறைவு வராது. ஒரு குரலை மட்டும் எடுத்துக்கொண்டால் ஊரில் பாதிப் பேருக்கு அந்த வீட்டில் இடமில்லாமல் போய்விடும்.

நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் வீடு 1863இல் கட்டிய வாடகைக் குடியிருப்பு, இன்று அருங்காட்சியகம். பெரிய மனிதர் யாரும் அங்கே வாழவில்லை. தையல் வேலை செய்தவர்கள், வேலையிழந்தவர்கள், புதிதாகக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் இருந்த அறைகளை அவரவர் வருடத்துக்கு ஏற்ப அமைத்திருக்கிறார்கள். சில அறைகளை உரிந்த சுவர்த்தாளோடு கண்டெடுத்தபடியே விட்டிருக்கிறார்கள். உங்கள் அடுப்படிக்கு அதுதான் முன்மாதிரி. சிலைக்கு ஒதுக்கிய பணத்தை எல்லாம் பெரியவர்களைப் பதிவு செய்யப் போடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

பதில் 1 — காரையும் ஓடும்

பால் கணக்குச் சுவருக்கு: பக்கவாட்டில் விளக்கு வைத்து, அடிக்கோல் தெரியும்படி படம் எடுங்க. மேலே வார்னிஷ், ஸ்ப்ரே எதுவும் அடிக்காதீங்க, கரி கலைஞ்சுடும். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி அக்ரிலிக் தகடு, மேலும் கீழும் திறப்போட. மூடி அடைச்சால் உள்ளே வியர்க்கும். ஸ்க்ரூ துளையைக் கோடு இல்லாத இடத்தில் போடுங்க.

பதில் 4 — பதிவேடு

எழுத்து வேலையை யாரும் சொல்லவில்லை. வீட்டைத் தொடுவதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும்.

வாய்வார்த்தையை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். வாரிசுகள் எல்லோரும், வெளியூரில் இருப்பவர்கள் உட்பட, கையெழுத்திட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரம் வேண்டும். ஒருவர் விடுபட்டாலும், இருபது வருடம் கழித்து அவர் பிள்ளைகள் வந்து கேட்பார்கள். சாமான்களுக்குத் தனிக் கொடைப் பத்திரம் எழுதுங்கள். “பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்று தருபவரிடம் எத்தனை வருடம் என்று தேதி போட்டு வாங்குங்கள்.

பதிவேடு தைத்துக் கட்டிய நோட்டாக இருக்கட்டும், தனித்தாள் கோப்பு வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று பாகம் கொண்ட எண்: 2025.3.17 என்றால் 2025இல் வந்த மூன்றாவது கொடையில் பதினேழாவது பொருள். கூடவே அளவு, எதனால் செய்தது, இப்போதுள்ள சேதம், யார் கொடுத்தது, வீட்டில் எங்கே இருந்தது. மரத்திலும் உலோகத்திலும் எண்ணை நேராக எழுதாதீர்கள். அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி 72 (நிறமில்லாத அக்ரிலிக் பிசின்) ஒரு பூச்சு, அதன்மேல் எண், மேலே இன்னொரு பூச்சு. வேண்டாதபோது துடைத்து எடுக்கலாம். துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதி இரண்டு தையல்.

1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் கடந்த கலைப்பொருளும், வரலாறு, இலக்கியம் போன்ற மதிப்புள்ள 75 வருடம் கடந்த சுவடியும் தொல்பொருள் கணக்கில் வரும். பூஜை அறையில் பழைய விக்கிரகம் இருந்தால் பதிவு செய்ய வேண்டியிருக்கும், விசாரித்துச் செய்துவிடுங்கள்.

கடிதங்களில் கவனம் தேவை. தாள் உங்களுடையது, எழுத்தின் காப்புரிமை எழுதியவருடையது. இந்தியாவில் பொதுவாக அது எழுதியவர் வாழ்நாளும் அதற்கு மேல் 60 வருடமும்; அவர் இறக்கும் வரை வெளியாகாத எழுத்துக்கு அந்த 60 வருடம் முதலில் வெளியான வருடத்திலிருந்து. வாத்தியாருக்குப் பிறர் எழுதிய கடிதத்தை இணையத்தில் போடுமுன் எழுதியவர் குடும்பத்திடம் கேளுங்கள். கடனும் நோயும் குடும்பச் சண்டையும் எழுதிய கடிதங்கள் இருக்கும். அவற்றைப் பதிவேட்டில் மட்டும் ஏற்றிப் பெட்டியில் வைத்திருங்கள்.

பதில் 2 — தாளடுக்கு

கரும்பலகையை யாரும் தொடவில்லை. அதில் பழைய சாக்பீஸ் சுவடு இருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இருந்தால் ஈரத்துணி படக் கூடாது, கறுப்பு பெயிண்ட் அடிக்கவே கூடாது. படம் எடுத்துவிட்டு, எழுத்து முகம் எதிலும் உரசாமல் நிமிர்த்தி வையுங்கள். கூரை வேலை முடியும் வரை பஞ்சுத் துணியால் போர்த்தி, ஓட்டுத்தூசி விழாத உள்ளறையில் இருக்கட்டும். துணி பலகையில் படாதபடி நாலு மூலையிலும் மரக்கட்டை கொடுங்கள்.